பூசுவதா, குடிப்பதா

என் இடது கால் வலது காலைவிடச் சற்றுக் குட்டை. சின்ன வயதில் வந்த ஒரு ஜுரம் செய்துவிட்டுப் போன வேலை. கல்யாணச் சந்தையில் இது விலை போகாது என்று எங்கள் தெரு சீக்கிரமே முடிவு கட்டிவிட்டது. அதனால் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்த யாருக்கும் அவசரம் வரவில்லை. எங்கள் சொந்தத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் போன முதல் பெண் நான்தான் என்றால் அதற்குக் காரணம் தெருவின் இந்தத் தீர்ப்புதான். தெருவுக்கு நான் இன்றுவரை நன்றி சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன்.

எங்கள் நைனா மலைக்கோயிலில் சுவாமிக்குச் சந்தனம் அரைக்கிறவர். அப்பாவை நைனா என்று கூப்பிடுவதால் எங்களைத் தெலுங்கர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். தமிழர்கள் என்று நானும் அடித்துச் சொல்ல மாட்டேன். அன்றைக்கு எங்கள் ஊர் திருத்தணி சித்தூர் ஜில்லாவில் இருந்தது. எங்கள் வீட்டில் திட்டு தமிழிலும் கொஞ்சல் தெலுங்கிலும் நடந்தன. விடிவதற்கு முன்னால் குளித்துவிட்டுப் படியேறினால் வெயில் ஏறின பிறகுதான் நைனா இறங்கி வருவார். அவர் உட்கார்ந்து அரைக்கிற இடத்துக்கு நான் அதிகம் போனதில்லை. அந்தப் படிகளுக்கும் என் காலுக்கும் ஆகாது. ஆனால் அவர் தெருமுனை திரும்பும்போதே எனக்கு வாசனையில் தெரிந்துவிடும்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மற்றக் கோயில்களில் சந்தனம் கொடுத்தால் நெற்றியில் இட்டுக்கொள்வார்கள். எங்கள் மலையில் சுவாமியின் மேனியிலிருந்து எடுத்துக் கொடுக்கிற சந்தனத்தைப் பூசுகிற வழக்கம் கிடையாது. தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். ஜுரத்துக்கும் அதுதான், வயிற்றுவலிக்கும் அதுதான், குழந்தை பயந்துகொண்டாலும் அதுதான். ஆர்.கே.பேட்டையிலிருந்து நெசவுக்காரர்கள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, ஒரு சிட்டிகை வாங்கி, இலையில் மடித்துப் பத்திரமாக எடுத்துப் போவார்கள். எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் இதை யாரும் தனியாகச் சொல்லிக் கொடுத்ததில்லை. நைனாவைக் கேட்டால் தானும் மருந்துத் தொழிலில் இருக்கிறவர்தான் என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு இருக்காது.

யுத்தம் முடிந்த சமயத்தில் நைனாவின் விரலிடுக்கில் அரிப்பு வந்தது. நாள் முழுக்க ஈரத்திலேயே ஊறுகிற கை, வராமலிருந்தால்தான் அதிசயம். முதலில் மலைச் சந்தனத்தையே கரைத்துக் குடித்துப் பார்த்தார். கேட்கவில்லை. அம்மா நச்சரித்ததன் பேரில் கடைத்தெருவில் ஒரு டாக்டர் நடத்திவந்த சின்ன டிஸ்பென்சரிக்குப் போனார். டாக்டர் கையைப் பார்த்துச் சீட்டு எழுதினார். டாக்டர் எழுதுகிறதைக் கலந்து கொடுக்கிற கம்பவுண்டர், நைனா கொண்டுபோன சீசாவை நிரப்பி, “ரெண்டு வேளைங்க” என்று சொல்லி நீட்டினார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. பின்னால் கூட்டம் நின்றிருக்கும்.

வீட்டுக்கு வந்து நைனா அந்தச் சீசாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நல்ல சந்தன நிறம். அடியில் மண்டி தங்கி, மேலே தெளிந்த நீர். குலுக்கினால் குழம்பாகிறது. அவருக்குச் சந்தேகமே வரவில்லை. டம்ளரில் கொஞ்சம் ஊற்றி, தண்ணீர் சேர்த்துக் கரைத்து, மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, ஒரே மூச்சில் குடித்துவிட்டார்.

அது தோலில் தடவுகிற மருந்து. மத்தியானம் வரைக்கும் நைனா கொல்லைப்பக்கமே குடியிருந்தார். குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி. அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மோரைக் கொடுத்து, நீராகாரத்தைக் கொடுத்து, ஒரு வழியாக நின்றது. நைனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மருந்து ரொம்ப வீரியம் என்றார்.

நான் விந்தி விந்தி டிஸ்பென்சரிக்குப் போனேன். போனேன் என்பதைவிடப் படையெடுத்தேன் என்று சொல்லலாம். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்து கம்பவுண்டரைப் பிடி பிடி என்று பிடித்தேன். தடவுகிற மருந்தைக் கொடுத்துவிட்டு இரண்டு வேளை என்று மட்டும் சொன்னால் மனுஷன் என்ன செய்வான் என்று கேட்டேன். பாவம், அவர் திருச்சிப் பக்கத்துக்காரர், வந்து சில மாதந்தான் ஆகியிருந்தது. வெலவெலத்துப் போய், “பூசறதுன்னு எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேம்மா” என்றார்.

சத்தம் கேட்டு டாக்டர் எழுந்து வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முதலில் நைனா எப்படியிருக்கிறார் என்று விசாரித்தார், பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அது இன்னும் கோபத்தை ஏற்றியது. என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். இவ்வளவு கத்தத் தெரிந்த பெண் இங்கேயே உட்கார்ந்து, வருகிறவர்களுக்குத் தமிழிலும் தெலுங்கிலும் விளங்கும்படி எடுத்துச் சொன்னால் என்ன என்று கேட்டார். சண்டை போடப் போன இடத்தில் எனக்கு வேலை கிடைத்தது.

சண்டை போட்டது நைனாவுக்காக. ஆனால் வீட்டுக்கு வந்தால் சிரித்ததும் நைனாவைப் பார்த்துத்தான். அம்மாவும் நானும் அவரைப் பல நாள் ஓட்டினோம். குழம்பு கொஞ்சம் மஞ்சளாக இருந்தால், இது பூசுவதா குடிப்பதா என்று அம்மா கேட்பாள். நைனா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

“இன்னா சிரிப்பு? சாமிக்கி அரைக்கிற கைடி இது. இதுல எவனாச்சும் கண்டதப் பூசுவானா? பூசச் சொல்வாங்கன்னு எனக்கு எப்படித் தோணும்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் ஏமாளித்தனமாகக் குடிக்கவில்லை. அந்தக் கையில் வேறொன்றைத் தடவலாம் என்பதே அவர் புத்திக்கு எட்டாத காரியம். அன்றோடு நாங்கள் சிரிப்பை நிறுத்தினோம். நைனாவும் வாய்ப்பூட்டுப் போட்டார்: இந்தக் கதை வாசற்படியைத் தாண்டக் கூடாது. மலைமேல் தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும் என்றார். கம்பவுண்டரையும் டாக்டரையும் நான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். கூட்டத்தில் நின்றவர்களுக்கு நான் கத்தியதுதான் கேட்டது, குடித்தது யார் என்று தெரியாது. கதை அப்படியே அமுங்கிப்போனது.

டிஸ்பென்சரியில் எனக்கு இரண்டு வேலை. ஒன்று, வருகிறவர்களுக்கு மருந்தை எப்படிச் சாப்பிடுவது என்று சொல்வது. இன்னொன்று, காகிதம் வெட்டுவது. அந்தக் காலத்தில் மிக்சர் என்கிற கலப்பு மருந்துச் சீசாவின் பக்கத்தில் நீளக் காகிதம் ஒட்டிக் கொடுப்போம். அதன் ஓரத்தில் பல் பல்லாக வெட்டியிருக்கும். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. படிக்கத் தெரியாதவர்களும் பல்லைப் பார்த்துக் குடித்துக்கொள்ளலாம். நான் வெட்டுகிற பற்கள் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும் என்று கம்பவுண்டர் பாராட்டுவார். கோபம் தணிந்த பிறகு அவரும் நானும் நல்ல சிநேகிதமாகிவிட்டோம். எந்த மருந்தோடு எது சேராது என்று அவர் கலக்கும்போதே கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எனக்கும் கலக்க வேண்டும்போல் கை துறுதுறுத்தது.

பெண்களைக் கம்பவுண்டர் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று டாக்டர்தான் சொன்னார். அன்று முதல் எனக்கு வேறு நினைப்பே இல்லை. யாராவது கட்டிக்கொள்வார்கள் என்று காத்திருக்கிற வாழ்க்கை எனக்கு வேண்டாம். அண்ணன் தம்பி இல்லாத வீடு. நைனாவின் கை ஓய்ந்தால் பிறகு என்ன என்ற கேள்வியை அம்மா வாய்விட்டுக் கேட்டதில்லை, அவ்வளவுதான். மருந்து கலக்கப் படித்துவிட்டால் அந்தக் கேள்விக்கு நானே பதிலாகிவிடுவேன்.

எங்கே சேர்வது என்பதில் பெரிய குழப்பம். மூன்று இடங்களைப் பற்றி விசாரித்தோம். வடக்கே, தெலுங்கு நாட்டுக் கடலோரத்தில் ஒரு காலேஜ் இருப்பதாகக் கேள்விப்பட்டு, நாம் சித்தூர் ஜில்லாதானே, நமக்கு அங்கேதான் உரிமை என்று நைனா ஆசைப்பட்டார். அவர்கள் கேட்டது இண்டர்மீடியட் படிப்பு. அது என்ன, எஸ்.எஸ்.எல்.சி.யைவிடப் பெரிசா என்று நைனா கேட்டார். பெரிசு என்றேன். அவர்களுக்கு இவ்வளவு ராங்கி ஆகாது என்று சொல்லி அந்த இடத்தைத் தள்ளினார். அடுத்தது ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. பக்கம், மரியாதையான இடம். அவர்கள் ஒரு வருஷம் முழுசாக டிஸ்பென்சரி அனுபவம் வேண்டும் என்று அன்பாக எழுதிவிட்டார்கள். மிச்சமிருந்தது சென்னையில் பெண்களுக்கான ஒரு ஆஸ்பத்திரி. அவர்களும் அனுபவம் கேட்டார்கள்; ஆனால் குறைந்தால் நேரில் பார்த்து முடிவு செய்வோம் என்று ஒரு வரி போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

மனுவை நிரப்பும்போது, மருந்துத் தொழிலில் முன்னனுபவம் என்ற இடத்தில் வந்து பேனா நின்றுவிட்டது. காகிதம் வெட்டினேன் என்று எழுதுவதா? நைனா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“அனுபவம் இல்லன்னு ஏன் முழிச்சிகினு இருக்க? நானு, எங்க நைனா, எங்க தாத்தா, மூணு தலைமொறையா மருந்து குடுத்துகினு வரோம். எழுது.”

அதை எழுத முடியாது நைனா என்றேன். ஏன் எழுத முடியாது என்று அவர் கேட்டார். எனக்கு எரிச்சல் வந்தது. கடைசியில் டிஸ்பென்சரியில் சில மாதம் உதவி என்று மட்டும் எழுதினேன். நைனாவின் முகம் சுண்டிவிட்டது. இருந்தாலும் தபாலில் போடும்போது மலையைப் பார்த்துக் கும்பிட்டு அவரே போட்டார்.

நேரில் வரச் சொல்லிக் கார்டு வந்தது. நைனா கோயிலில் சொல்லிவிட்டு, வெளுத்த வேட்டியும் தலைப்பாகையுமாகக் கிளம்பினார். மடியில் ஒரு வாழைச்சருகுப் பொட்டலம். ரயிலில் அரக்கோணம் தாண்டின பிறகு, அங்கே உன்னை என்ன கேட்பார்கள் என்று கேட்டார். என்ன கேட்டாலும் கத்தாமல் பதில் சொல் என்றார். என்னை நன்றாகத் தெரிந்த மனுஷர்.

ஆஸ்பத்திரியின் நீளமான தாழ்வாரத்தில் பெஞ்சு போட்டிருந்தார்கள். காத்திருந்த பெண்கள் எல்லாரும் பட்டணத்துப் பெண்கள். ஒருத்தி பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவள், இன்னொருத்தியின் அப்பா இங்கிலீஷ் மருந்துக்கடை வைத்திருந்தவர். அவர்கள் பேசிக்கொண்ட மருந்துப் பெயர்களில் பாதி நான் கேட்டறியாதவை. நைனா பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே இரண்டு பேர். பெரிய டாக்டரம்மா ஒருவர், வெள்ளைப் புடவை, நெற்றியில் பெரிய குங்குமம். பக்கத்தில் மருந்துப் பகுதியைப் பார்த்துக்கொள்கிற பெரியவர். நான் நடந்து வருவதைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் கண் என் காலுக்குப் போனது. நாள் முழுக்க நிற்க வேண்டிய வேலையாயிற்றே என்றார். ஒரு காலுக்குக் கீழே ஒரு பலகைத் துண்டு போட்டுக்கொண்டால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பேன் என்றேன். கத்தாமல்தான் சொன்னேன். பெரியவர் மனுவைப் புரட்டி, அனுபவம் ரொம்பக் குறைச்சலாக இருக்கிறதே, அங்கே என்னதான் செய்தாய் என்று கேட்டார். காகிதம் வெட்டி ஒட்டினேன் என்றேன். வேறு? மருந்தை எப்படிச் சாப்பிடுவது என்று சொன்னதெல்லாம் ஒரு வேலையாக எனக்கே தோன்றவில்லை. அவ்வளவுதான் என்றேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பெண் பார்க்க வந்தவர்கள் நான் எழுந்து நடந்த பிறகு பார்த்துக்கொள்வார்களே, அதே பார்வை.

பெரியவர் தாட்சண்யத்துக்காக இன்னொரு கேள்வி கேட்டார். மருந்து உன் கையைவிட்டுப் போவதற்கு முன்னால் கடைசியாக எதைச் சரிபார்ப்பாய்? சீசாவில் பேர், அளவு, மூடி என்று சொல்லியிருக்க வேண்டும். அவை எனக்குத் தெரியும். ஆனால் வாயில் வந்தது வேறு. வாங்குகிறவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்யப் போகிறார் என்று அவரையே சொல்லச் சொல்லிக் கேட்பேன் என்றேன். எதற்கு என்றார். எனக்கு நைனாவின் வாய்ப்பூட்டு ஞாபகம் வந்தது. வகுப்பில் கிடைக்கிற சீட்டும் போகிறது, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றியது. முழுக் கதையையும் சொல்லிவிட்டேன். சந்தன நிறத்தை, டம்ளரை, மலையைப் பார்த்துக் கும்பிட்டதை, கொல்லைப்பக்கத்தை, எதையும் விடவில்லை.

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். பூசுகிற மருந்தைக் குடிக்கிற அளவுக்குக் கூடவா விவரமில்லாமல் இருப்பார்கள், யார் அந்த மனுஷர் என்று கேட்டார்.

“வெளிய உக்காந்துகினு இருக்காருங்க. எங்க நைனா. விவரமில்லாதவர் இல்லைங்க. குடுத்தவங்க சொல்லல, அவ்ளோதான்.”

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. டாக்டரம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு, அவரை உள்ளே கூப்பிடச் சொன்னார். சீட்டும் போய், நைனாவின் மானமும் போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டே போய்க் கூப்பிட்டேன்.

நைனாவுக்கு எதுவும் தெரியாது. பெண்ணுக்குச் சீட்டு முடிந்துதான் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். மலர்ந்த முகத்தோடு வந்தார், கும்பிட்டார், மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்து இரண்டு கையாலும் டாக்டரம்மாவிடம் நீட்டினார். திருத்தணி சாமி சந்தனம் என்றார். டாக்டரம்மா மரியாதையாக எழுந்து நின்று வாங்கினார், கண்ணில் ஒற்றிக்கொண்டார், மோதிர விரலால் தொட்டு நெற்றிக்குக் கொண்டுபோனார்.

“அய்யய்யோ, அது பூசறதில்லைங்க” என்று நைனா பதறி மேஜையைத் தாண்டிக் கையை நீட்டிவிட்டார். “கரைச்சிக் குடிக்கிறதுங்க.”

டாக்டரம்மாவின் விரல் நெற்றிக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டார்.

“எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேங்க” என்றார் நைனா.

கம்பவுண்டர் சொன்ன அதே வார்த்தை. எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன். பெரியவர் என்னைப் பார்த்தார், டாக்டரம்மாவின் விரலைப் பார்த்தார், பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, இந்தப் பெண் சொன்னது உங்களுக்கே நடந்துவிட்டதே அம்மா என்றார். டாக்டரம்மா விரலை இறக்கி, மேஜைமேல் இருந்த கூஜாத் தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றச் சொன்னார். சந்தனத்தைக் கரைத்தார். குடிப்பதற்கு முன்னால் நைனாவைப் பார்த்து, எவ்வளவு, ஒரே வேளையா என்று கேட்டார். நைனா சீரியஸாக, ஒரு வேளை போதும்ங்க, உடம்பு நல்லாத்தானே இருக்கு என்றார். டாக்டரம்மா குடித்தார்.

ஒரு வாரத்தில் கார்டு வந்தது. அனுபவத்தில் குறைகிற மாதங்களை அங்கேயே முன்னதாக வந்து சீசா கழுவி ஈடுகட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது. அடியில் யாரோ மையால் தனியாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: காலுக்குப் பலகை இங்கே தயார் செய்யப்படும். அந்த வரியைப் படித்ததும் நான் உட்கார்ந்து அழுதேன். அம்மா சீட்டு கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு சேர்ந்து அழுதாள்.

உள்ளே அவர் கதையைச் சொல்லிவிட்டேன் என்பதை நைனாவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குப் பயம். கிளம்புகிற நாள்வரைக்கும் தள்ளிப்போட்டேன். பெட்டியைக் கட்டின பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். ரயிலடிக்கு வந்தபோதும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை, பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, அங்கேயும் கத்தாதே என்று மட்டும் சொன்னார். எனக்கு வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது.

முதல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது ரயிலடியில் ஜட்காக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கடைத்தெருவில் வெற்றிலைக்காரம்மா சிரித்தாள். திருவாலங்காட்டிலிருந்து மலைக்கு வந்திருந்த ஒரு கிழவர், முன்பின் தெரியாதவர், என் நடையைப் பார்த்துவிட்டு, சந்தனம் அரைக்கிறவர் பெண்ணா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

“ஆங், உங்க நைனா சொன்னாரும்மா. சந்தனம் வாங்க வரவங்க எல்லாருக்கும் சொல்லிகினுதான் இருக்காரு. எம் பொண்ணு மருந்து படிக்கணும்னு நானு விஷத்தையே குடிச்சேன்னாரு.”